விரலிடுக்கில் ஒரு குடித்தனம்

அத்தியாயம் 17

அப்பா தன் முதுகைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பெரியவள் பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி.

"என்னப்பா பண்றீங்க?"

"கதவு நேரா நிக்குதான்னு பாக்கறேன்."

அப்பா முப்பத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவர்கள் சொன்ன பொய்களை எல்லாம் கேட்டுக் கேட்டு, அவருக்கே ஒரு பொய்யும் ஒழுங்காகச் சொல்ல வராமல் போய்விட்டது.

"திரும்புங்க. சட்டையைத் தூக்குங்க."

இடுப்பு மடிப்பில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். பெரியவள் குனிந்து பார்த்தாள். அதே புள்ளிகள். அதே இடம்.

குளியலறைக் கதவு திறந்தது. தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தான். துவட்டியது ஒரு கையால்தான். இன்னொரு கை மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது."

"சொல்லாதே. தெரிஞ்சு போச்சு."

இது மூன்றாவது தடவை. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் புதர்க்காட்டில் நிலம் அளக்கப் போன சர்வேயர் தம்பி, கூடாரத்தில் ஏழெட்டுப் பேரோடு நெருக்கியடித்துப் படுத்து எழுந்து, வீட்டுக்கு வாங்கிவந்த பரிசு இந்தச் சிரங்கு. பக்கத்துத் தெரு டாக்டர் எழுதிக்கொடுத்த பால் நிற லோஷனைப் பெரியவளே முன்னின்று அப்பாவுக்கும் தம்பிக்கும் தனக்கும் பூசினாள். பத்து நாளில் மறுபடியும் அரித்தது. மறுபடியும் பூசினாள். எல்லாம் ஓய்ந்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது.

வேறு வாரமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் சின்னவள் வருகிறாள். கூடவே, பிறந்து ஏழு வாரமான குழந்தையும் வருகிறது.

அந்தக் குழந்தையைப் பெரியவள் இன்னும் தொட்டதில்லை. ஒரு பகல் ஓர் இரவு ரயில் தூரம். போய்ப் பார்க்கலாம் என்று பையைக் கட்டியபோதுதான் வீட்டில் அரிப்பு ஆரம்பித்தது. அதிலிருந்து ஃபோன் திரையில் அதன் மூக்கை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதோடு சரி. நாற்பத்திரண்டு வயதில், தினமும் முந்நூறு ரொட்டியைத் தூக்கி இறக்குகிற கை, மூன்றே முக்கால் கிலோ எடையுள்ள ஒரு பொட்டலத்துக்காக ஏங்கியது.

சின்னவளிடம் மறைக்கலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பிறகு தானே ஃபோனை எடுத்தாள்.

"மறுபடியுமா?" என்றாள் சின்னவள். பின்னால் குழந்தை விக்குகிற சத்தம் கேட்டது. "அக்கா, நான் கோபமா சொல்லல. பயத்துல சொல்றேன். இவ தோலு காகிதம் மாதிரி இருக்கு. இன்னிக்கு டாக்டரைப் பாரு. ஒருத்தர் விடாம, எல்லாருக்கும் ஒரே நாள்ல மருந்து போட்டாச்சுன்னு நீ உன் வாயால சொல்லு. நம்பி ரயில் ஏறறேன். ஒருத்தர் விட்டுப் போனாலும் நான் மாமியார் வீட்டுக்குப் போயிடறேன். தப்பா நினைக்காதே."

"ஒருத்தரைக் கூட விடமாட்டேன்," என்று பெரியவள் வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த பிறகுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஏன் என்பது நமக்குத் தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் "யீஸ்ட் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் போனது ஏரிக்கரைப் பூங்காவுக்கு. அங்கே மூன்றாவது பெஞ்சில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். தினமும் சாயங்காலம் ஆறே காலுக்கு அவளுடைய பேக்கரிக்கு வந்து, கண்ணாடிப் பெட்டியை முழுவதுமாகப் பார்த்துவிட்டு, கடைசியில் இரண்டே இரண்டு பன் வாங்கிக்கொண்டு போகிறவர். தம்பி அவருக்கு வைத்திருக்கிற பெயரே 'ரெண்டு பன்'. அந்த ரெண்டு பன், முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடித்தார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் பிடித்தார். விடவே இல்லை.

*

தோல் டாக்டரின் கிளினிக்கில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நாற்காலியின் முதுகில் தன் முதுகை ஒட்டிவைத்து, யாரும் பார்க்காதபோது இடமும் வலமும் லேசாக அசைந்தார்.

டாக்டரம்மா குள்ளமாக இருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி தொங்கியது. மூன்று பேரையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"குடும்பமா வந்திருக்கீங்க. யார் முதல்ல?"

"இவன்தான் டாக்டர்," என்று பெரியவள் தம்பியைக் காட்டினாள். "இவனாலதான் போக மாட்டேங்குது. இவன் எதையும் ஒழுங்கா செஞ்சதே கிடையாது. காட்டுக்குப் போகும்போது உண்ணி கடிக்காம இருக்க சாக்ஸுலயும் பேன்ட் விளிம்புலயும் ஒரு மருந்து தடவுவான். அதுவும் இதே மருந்துதானாம். அதனால, 'என்கிட்ட எந்தப் பூச்சியும் அண்டாது'ன்னு பீத்திக்குவான். பூசும்போது காலை அரைகுறையா நீட்டுவான்."

"அதே மருந்துதான் டாக்டர்," என்றான் சர்வேயர். "பாட்டில்ல போட்டிருக்கு. பென்சைல் பென்சோயேட். நானே படிச்சேன்."

"சரக்கு ஒண்ணுதான்," என்றார் டாக்டர். "ஆனா துணியில தடவறது வெளியில இருக்கறவன் உள்ள வராம இருக்க. வாசல்ல காவல்காரனை நிறுத்தற மாதிரி. ஏற்கெனவே உள்ள வந்து தோலுக்கு அடியில படுத்துக்கிட்டவனை வாசல்ல நிக்கற காவல்காரன் என்ன செய்வான்? அதுக்கு உடம்பு முழுக்கப் பூசணும். கழுத்துலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும். பூசினீங்களா?"

"சத்தியமா பூசினோம். அக்கா விட்டாத்தானே!"

"நான்தான் செக் பண்ணேன் டாக்டர்," என்றார் அப்பா கம்பீரமாக. "டார்ச் அடிச்சு. அவனோட உள்ளங்கால், முழங்கால் பின்னாடி, எல்லாம். டிக்கெட் பாக்கற மாதிரி ஒண்ணு விடாம பாத்தேன்."

"நீங்க பூசிக்கிட்டீங்களா?"

"பெரியவ பூசிவிட்டா."

"துணி, போர்வை?"

"கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல துவைச்சேன்," என்றாள் பெரியவள். "துவைக்க முடியாத தலையணையை எல்லாம் பையில கட்டி ஒரு வாரம் வச்சேன். மருந்தோட வந்த காகிதத்துல என்ன எழுதியிருந்துதோ, ஒரு எழுத்து விடல."

டாக்டர் பேனாவை மூடினார். ஒரு கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்று அவர் முகம் சொன்னது.

"சரி. இவங்க ரெண்டு பேருக்கும் யார் கையால பூசினீங்க?"

"என் கையாலதான்."

"உங்களுக்கு?"

"நானே. கடைசில."

"பூசி முடிச்சதும் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வேன்? கையைக் கழுவினேன்."

டாக்டர் முன்னால் சாய்ந்தார்.

"எப்படிக் கழுவினீங்க?"

"நல்லா, சோப்பு போட்டு. விரலிடுக்கெல்லாம் தேய்ச்சு. பேக்கரிக்காரி டாக்டர் நான். இது வந்ததுலேர்ந்து கடைப் பக்கமே போகல, அடுப்பை எல்லாம் கூட்டாளிதான் பாத்துக்கறார். ஆனா கை கழுவற பழக்கம் போகுமா?"

இருபது வருடப் பழக்கம் அது. மாவைத் தொடுவதற்கு முன் ஒரு தடவை, தொட்ட பின் ஒரு தடவை, கதவைத் தொட்டால் ஒரு தடவை. உடம்பைக் கழுவக் கூடாது என்று பக்கத்துத் தெரு டாக்டர் சொன்னபோது அவள் குளிக்கவில்லை, அவ்வளவுதான். கை கழுவுவது அவளுடைய கணக்கில் குளியலில் சேராது. மூச்சு விடுவதில் சேரும்.

டாக்டர் அவள் வலது கையை இழுத்து விளக்குக்கு அடியில் வைத்தார். பூதக்கண்ணாடியை மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கொண்டுபோனார்.

"அடேயப்பா," என்றார். "இங்க ஒரு குடித்தனமே நடக்குது."

பென்சிலால் கிழித்தது போல ஒரு மெல்லிய கோடு. சோப்பு பட்டுப் பட்டு வறண்ட தோல் என்றுதான் பெரியவள் அதை நினைத்திருந்தாள். மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும் என்று காகிதத்தில் போட்டிருந்ததால் அரிப்பையும் பொருட்படுத்தவில்லை. டாக்டர் அந்த இடத்தைச் சின்னக் கத்தியால் லேசாகச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் ஏற்றினார். முதலில் தம்பி எட்டிப் பார்த்தான்.

"எட்டுக் கால்! அக்கா, நான் ஊர் ஊரா அளந்து கல் நடறேன். இது அளக்காமலே உன் கையில கல் நட்டிருக்கு."

அப்பா பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "வீட்ல எல்லார் டிக்கெட்டையும் பாத்தேன். பரிசோதகர் டிக்கெட்டைப் பாக்கல," என்றார்.

பெரியவள் கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தாள். முப்பது நிமிடத்துக்கு முன்னால் வரை தம்பியைத் திட்டித் தீர்த்தவள், இப்போது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்குவதைப் பார்த்ததும், அவளுக்கும் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அப்பா சிரித்துக்கொண்டே சொறிந்தார். டாக்டரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தப்பை ரொம்ப சுத்தமானவங்கதான் செய்வாங்க," என்றார். "சரி, கேளுங்க. இன்னிக்கு மதியம் எல்லாரும் சேர்ந்து பூசிக்குங்க. குளிச்ச உடனே சூட்டோட வேண்டாம், உடம்பு ஆறி, காய்ஞ்சதும் பூசுங்க. புண்ணு இருக்கற இடம், கண்ணு, வாய் பக்கம் போகாதீங்க. கொஞ்சம் எரியும், ரொம்ப எரிஞ்சா கழுவிட்டு எனக்குச் சொல்லுங்க. இருபத்து நாலு மணி நேரம். நடுவுல கையைக் கழுவ வேண்டி வந்தா, கழுவுங்க, ஆனா அடுத்த நிமிஷம் மறுபடி பூசுங்க. நகத்துக்கு அடியிலயும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. அதுக்கு மேல அரிக்குதேன்னு நீங்களா எடுத்துப் பூசாதீங்க, அது தோலைக் கெடுத்துடும். வீட்ல பூனை உண்டா?"

"உண்டு. மேனேஜர்னு பேரு," என்றார் அப்பா.

"மேனேஜரை லீவுல அனுப்புங்க. பூனைக்கு இது விஷம். உங்க காலை நக்கினா போச்சு."

பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் குழந்தை வருது டாக்டர். ஏழு வாரம்."

"நாளைக்கு மதியம் குளிச்சு, துவைச்ச துணி மாத்திட்டா, ஞாயித்துக்கிழமை தாராளமா தூக்கலாம். ஆனா குழந்தைக்கோ பால் கொடுக்கற அம்மாவுக்கோ முன்ஜாக்கிரதையா இருக்கட்டும்னு இந்த லோஷனைத் தொட்டுப் பூசிடாதீங்க. தேவைப்பட்டா அவங்களுக்கு வேற மருந்து இருக்கு." டாக்டர் சீட்டை எழுதத் தொடங்கினார். "மூணு பேர். வேற யாராவது? கடையில காசு வாங்கும்போது படறதெல்லாம் கணக்கில்ல. ஒரே படுக்கையில படுத்தவங்க, இல்லைன்னா பத்துப் பதினஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவங்க."

"அப்படி யாரு இருக்கா?" என்றார் அப்பா.

"யாரும் இல்ல," என்றாள் பெரியவள்.

*

டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மூவரும் எழுந்தார்கள். தம்பி கதவுப்பிடியில் கை வைத்தான்.

பெரியவளின் கால் நகரவில்லை. ஒருத்தரைக் கூட விடமாட்டேன் என்று சொன்னது காலையில்தான். பதினேழு வாரமாகக் காதும் காதும் வைத்தாற்போல் வளர்த்த ரகசியம் ஒரு பக்கம். ஃபோன் திரையில் பெரிதாகித் தெரிந்த அந்தச் சப்பை மூக்கு இன்னொரு பக்கம். ரகசியம் தோற்றது.

"டாக்டர்," என்றாள் திரும்பி. "அரை மணி நேரம்னா கணக்குல வருமா?"

தம்பியின் கை கதவுப்பிடியிலேயே நின்றது.

"என்ன அரை மணி நேரம்?" என்றார் டாக்டர்.

"கை."

"வரும்."

"ரெண்டு தடவை. போன ஞாயிறும், அதுக்கு முந்தின ஞாயிறும்."

தம்பிக்கு மனக்கணக்கு வேகமாக வரும். "யீஸ்ட்!" என்று கத்தினான். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அப்பா, யீஸ்ட்! நான் அப்பவே சொன்னேன்ல? ஞாயித்துக்கிழமை எந்தக் கடை திறந்திருக்குன்னு?"

அப்பா அவனைக் கையமர்த்தினார். மகளிடம் வந்தார். ரயில் பெட்டியில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"யீஸ்ட்டுக்குப் பேர் இருக்கா?"

பெரியவளுக்குக் காது மடல் வரை சிவந்தது. "தம்பிக்குத் தெரியும்பா. அவன்தான் பேரே வச்சான்."

தம்பி ஒரு நொடி யோசித்தான். வாய் பிளந்தது. "ரெண்டு பன்னா?"

"எனக்குப் பேரெல்லாம் வேண்டாம்," என்றார் டாக்டர், சிரிப்பை மறைக்காமல். "அந்த ரெண்டு பன்னுக்கும் இன்னிக்கே மருந்து போகணும். அரிப்பு இல்லைனாலும். புதுசா வந்தவங்களுக்கு அரிக்க ஆரம்பிக்கவே ஒரு மாசம் ஆகலாம். அதுவரைக்கும் வச்சிருந்தா திரும்ப உங்களுக்கே வரும். அவர் வீட்ல இருக்கறவங்களுக்கும் போடணும்."

"தனி ஆள்தான் டாக்டர்," என்றாள் பெரியவள் உறுதியாக.

அவள் கேட்டதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பன் வாங்குகிறவர் தனி ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளே முடிவு செய்து நாலு மாதம் ஆகிறது.

*

மருந்தைக் கிளினிக்கிலேயே வாங்கிக்கொண்டார்கள். அவருடைய கடைக்குப் போய் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று "சிரங்கு மருந்து மூணு" என்று கேட்பதற்குப் பெரியவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஃபோனில் சொல்லத்தான் வேண்டும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். சாத்திய கதவுக்கு வெளியே இரண்டு பேர் நிற்பது தெரிந்தும், ஒரே மூச்சில் சொன்னாள்.

"நான்தான். குறுக்கே பேசாம கேளுங்க. எனக்குச் சிரங்கு. போயிடுச்சுன்னு நினைச்சேன், போகல. கையில இருந்திருக்கு. நீங்க பிடிச்ச கையிலதான். உங்களுக்கும் வந்திருக்கலாம். இன்னிக்கே மருந்து போட்டுக்கணும், வீட்ல எல்லாருக்கும் போடணும்னு டாக்டர் சொன்னாங்க. ஒருத்தர் விடலன்னு தங்கச்சிக்கு நான் கணக்கு சொல்லணும். என்னை மன்னிச்சிடுங்க. இனிமே பன் வாங்க வர வேண்டாம்னு தோணினா, எனக்குப் புரியும்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது கேட்டது.

"வீட்ல எல்லாருக்குமா?" என்றார் அவர் மெதுவாக.

"எல்லாருக்கும்."

"சரி. நாலு மணிக்கு வரேன்," என்று வைத்துவிட்டார்.

கோபமா, பயமா, எதுவும் பிடிபடவில்லை. பெரியவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நாலு மணிக்குன்னா நல்லதுதான். அதுக்குள்ள நமக்குக் காய்ஞ்சிடும்."

முதலில் மேனேஜரைப் பிடித்தார்கள். அதற்கே அரை மணி ஆனது. அது அலமாரி மேல் ஏறி, தன்னை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது என்பது போல உட்கார்ந்திருந்தது. மாடி வீட்டு டீச்சர் கூடையோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அதன் முன்னால் ஒரு மீன் துண்டை வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்.

பிறகு போர்வைகள் வெந்நீரில் முங்கின. மூவரும் குளித்து, மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் உட்கார்ந்து ஆறினார்கள். இந்தத் தடவை பெரியவள் கட்டளையிடவில்லை. தம்பி அப்பாவுக்கு முதுகில் பூசினான். அப்பா தம்பிக்கு. தன் அறையில் தன்னால் ஆனதைப் பூசிக்கொண்டு அவள் வந்தபோது, கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு, எதிரில் இன்னொன்று போட்டு, அப்பா காத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் லோஷன் பாட்டில், இன்னொரு கையில் புதிய பெயின்ட் பிரஷ்.

"கையைக் காட்டு."

நீட்டினாள். அப்பா ஒவ்வொரு விரலாகப் பிரித்து, இடுக்கில் மருந்தைத் தடவினார். நகத்துக்கு அடியில் தடவினார். உள்ளங்கையைத் திருப்பித் தடவினார். சுண்டு விரலுக்கு மட்டும் இரண்டு தடவை தடவினார். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது அவரைப் பிடித்துக்கொண்டு நடந்த கை அது. எந்த வயதில் விட்டாள் என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை. பெரியவளுக்கு அழுகை வந்தது. மருந்து எரிகிறது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"கண்ணைத் துடைக்காதே. கையில மருந்து," என்றார் அப்பா. தன் தோள் துண்டால் அவரே துடைத்துவிட்டார். "ஆள் எப்படி?"

"நல்லவர்ப்பா. ரொம்பப் பேச மாட்டார். அதாவது, நான் பேசவிட மாட்டேன். போன வாரம் கூட ஏதோ சொல்ல ஆரம்பிச்சார். நான் அடுப்பு ரிப்பேரைப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன்."

"டிக்கெட் இருக்கா?"

"இருக்கும்னுதான் நினைக்கறேன்."

"நாலு மணிக்குப் பாக்கறேன்," என்றார் பரிசோதகர்.

தம்பி ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, குழாய்க்கு மேல் ஒட்டினான்: அக்கா, வேண்டாம்.

*

நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் நின்றது. அவர் மட்டும் நடந்து வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். அவள் வீட்டில் இருக்கிற அதே மருந்து வாடை அவர் மேலிருந்தும் வந்தது. பெரியவளுக்கு உயிர் திரும்பியது.

"போட்டுக்கிட்டீங்களா?"

"போன் வச்ச உடனே கடையைச் சாத்திட்டுப் போய்ட்டேன். நானே ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்காவது இந்த மருந்தைக் குடுக்கறவன். எனக்கு என்ன வெக்கம்?" என்றார். பிறகு, ரொம்ப வெட்கத்தோடு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து, கேட் கம்பிகளுக்கு நடுவில் நீட்டினார். "உங்க தங்கச்சிக்குக் கணக்கு சொல்லணும்னு சொன்னீங்களே. யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவுன்னு எழுதியிருக்கேன். விட்டுப் போகக் கூடாதில்லையா."

பெரியவள் அதை ஓரத்தைப் பிடித்து வாங்கிப் பிரித்தாள். மருந்துக்கடைக்காரர் கையெழுத்து, ஆனாலும் படிக்க முடிந்தது. இரண்டு வரி.

நான். முழு அளவு. 2.40.

மகள், வயது 12. பாதி தண்ணீர் கலந்தது. 3.05.

அவள் அந்த இரண்டாவது வரியை மூன்று தடவை படித்தாள். எதிரில் கண்ணாடிப் பெட்டி முழுவதையும் பார்த்துவிட்டு இரண்டே பன் கேட்கிற அந்த முகம் இருந்தது. இப்போது அதில் வேர்த்திருந்தது.

"அவ அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு," என்றார். "முதல் ஞாயித்துக்கிழமையே சொல்லணும்னுதான் வந்தேன். ரெண்டாவதுக்கும் அதுக்குத்தான் வந்தேன். நீங்க அடுப்பைப் பத்தி..."

"எனக்கு எப்பவுமே வாய் அடங்காது," என்றாள் பெரியவள். "ஒரு பன் அவளுக்கா?"

"உள்ள கிஸ்மிஸ் வச்சது அவளுக்கு. ஒண்ணும் இல்லாதது எனக்கு."

நாலு மாதமாக ஒன்றில் கிஸ்மிஸ் உண்டு, ஒன்றில் இல்லை. கடைக்குப் போய்க்கொண்டிருந்த வரைக்கும் அதைத் தன் கையாலேயே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தவளும் அவள்தான். விரலிடுக்கில் ஒரு குடித்தனமே நடந்தது தெரியவில்லை, பன்னுக்குள் ஒரு குழந்தை இருந்ததும் தெரியவில்லை. என்ன கண்ணோ தன் கண் என்று நினைத்தாள். ஆனால் மனசு என்னவோ ரொட்டி உப்புகிற மாதிரி மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது.

"எங்க அவ?"

அவர் திரும்பி, தெருமுனையைக் காட்டினார். ஸ்கூட்டரின் பின் இருக்கையில், தலையை விடப் பெரிய ஹெல்மெட்டோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முழுக்கை சட்டை. உடம்பெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிற எரிச்சல் தூரத்திலிருந்தே தெரிந்தது. இவர்கள் பார்ப்பதைக் கண்டதும் கையை உயர்த்தினாள். ஆனால் அசைக்கவில்லை. போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவது போல, அப்படியே வைத்துக்கொண்டாள்.

"என் மேல கோபமா?"

"தெரியல. 'உங்க சிநேகிதியாலதான் எனக்கு இந்த நாத்தம்'னு சொன்னா. ஞாயித்துக்கிழமை பூங்காவுக்கு அவளும் வருவாளாம். உங்ககிட்ட கேக்க ஏழு கேள்வி எழுதி வச்சிருக்கா."

"என்ன கேள்வி?"

"எனக்குக் காட்ட மாட்டேங்கறா."

பெரியவள் வாய் விட்டுச் சிரித்தாள். மருந்து பூசிய தன் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, ஐந்து விரலையும் அகல விரித்துக் காட்டினாள். தெருமுனையில் ஹெல்மெட் ஒரு நொடி யோசித்தது. பிறகு அந்தக் கையும் ஐந்து விரலையும் விரித்தது.

பின்னால் வாசற்படியில் அப்பா வந்து நின்றிருந்தார். கையில் டார்ச். நல்ல வெயிலில் டார்ச்.

"வணக்கம் சார்," என்றார் மருந்துக்கடைக்காரர், தடுமாறி.

"வணக்கம். கையைக் காட்டுங்க," என்றார் அப்பா.

அவர் கேட்டுக்கு மேலே இரண்டு கைகளையும் நீட்டினார். அப்பா தொடாமல், டார்ச் அடித்து, ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்த்தார். நகத்துக்கு அடியில் பார்த்தார். வெள்ளையாக எல்லா இடத்திலும் மருந்து இருந்தது. டார்ச்சை அணைத்தார்.

"டிக்கெட் இருக்கு," என்றார் மகளிடம். உள்ளே போனார்.

கூடத்தில் ஃபோன் அடித்தது. தம்பி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஜன்னல் வழியாக நீட்டினான். சின்னவளின் குரல் தெரு வரைக்கும் கேட்டது.

"அக்கா! நாளைக்கு ரயில். பையைக் கட்டவா, வேண்டாமா? யாரும் விட்டுப் போகலையே?"

பெரியவள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். தெருமுனையைப் பார்த்தாள்.

"ஒருத்தர் விடல. அஞ்சு பேருக்கும் போட்டாச்சு. நீ வா."

"அஞ்சா?" என்றாள் சின்னவள். "வீட்ல மூணு பேர்தானே இருக்கீங்க?"